புதிய பூட்டு: எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

போன மாத அமர்வில் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தின் பிரதி சென்ற வியாழக்கிழமைதான் என் கைக்கு வந்தது. எங்கள் மாதர் ஒன்றியம் புதன்கிழமை தோறும் கூடுகிற பொதுநோக்கு மண்டபத்தை இனி எங்களுக்குத் தருவதில்லை என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். பொது அமைப்புகள் கொடுக்கும் மனுக்களை ஒரு சபை உறுப்பினரின் சிபாரிசு இல்லாமல் ஏற்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே காரணம்: ஒன்றியத்தின் இணைப்பாளர் முன்னாள் உறுப்பினர், அரசியல் பின்னணி உடையவர், சபையின் சொத்தை அரசியல் மேடையாக்க இடம் கொடுக்க முடியாது. அந்த இணைப்பாளர் நான். அதனால் பதில் எழுத வேண்டியவளும் நான்தான்.

கடிதத்துக்கு முதலே பூட்டு வந்துவிட்டது. அதற்கு முந்திய புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நாங்கள் போனபோது பழைய பூட்டு தொங்கிய இடத்தில் புதிய பித்தளைப் பூட்டு. பழைய பூட்டின் திறப்பு எங்கே இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். மண்டபத்துக்கு எதிர்வீட்டு ஆச்சியின் கதவு நிலையில், ஓர் ஆணியில், சிவப்பு நூல் கட்டித் தொங்கும். தேவைப்பட்டவர் எடுத்துத் திறந்து, கூட்டம் முடியக் கூட்டிப் பெருக்கி, திரும்பக் கொண்டுபோய்க் கொழுவிவிடுவோம். அன்றும் ஆச்சி திறப்போடு வந்தார். பூட்டுக்குள் விட்டுத் திருப்பிப் பார்த்தார். சேலைத் தலைப்பால் திறப்பைத் துடைத்துவிட்டு மறுபடி திருப்பினார். "பிள்ளை, கறள் பிடிச்சுப் போச்சுதோ?" என்று என்னைக் கேட்டார். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை, பூட்டு மாறியதை அவர் கவனிக்கவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. பத்தொன்பது பெண்கள் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டு நின்றோம். அவர்களில் இருவர் கைக்குழந்தையோடு.

என் அரசியல் பின்னணியை நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். மறைக்க அதில் ஒன்றும் இல்லை என்பதால் நானே விரித்துச் சொல்கிறேன்.

1977 கலவரத்தில் மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து உடுத்த உடுப்போடு வன்னிக்கு வந்தவர் என் அப்பா. எனக்கு அப்போது மூன்று வயது. வந்தவர்களைக் காணியில் இருத்தி, பயிர் செய்ய உதவி, பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை வைத்தது காந்தியம். கட்டடக் கலைஞரான எஸ்.ஏ. டேவிட் ஐயாவும் வவுனியாவில் டாக்டராக இருந்த இராஜசுந்தரமும் முன்னின்று நடத்திய அமைப்பு அது. இருவரும் 1983 ஏப்ரலில் கைதானார்கள். டாக்டர் அதே வருடம் யூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். டேவிட் ஐயா 2015-ல் கிளிநொச்சியில் காலமானார். "காந்தியத்துப் புள்ளைங்க வந்து நம்ம கொட்டில்ல, தரையில ஒக்காந்து பேசுனாங்க" என்று அப்பா சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் அவரை யாரும் உட்கார வைத்துப் பேசியதில்லை. வன்னிக்கு வந்த பிறகும் "தோட்டக்காட்டான்" என்ற பேச்சை அவர் கேட்காமல் இருந்ததில்லை. அவர் வெட்டித் திருத்திய காட்டுக்கு அவர் பெயரில் பேர்மிற், அதாவது அரச காணி அனுமதிப் பத்திரம், வர ஏறக்குறைய முப்பது வருடம் ஆனது.

என் அரசியல் அந்தக் கொட்டிலில்தான் தொடங்கியது. கட்சியில் சேர்ந்தது பிறகு. இடையில் இடப்பெயர்வுகள், 2009 இறுதி யுத்தம், மெனிக் பாம் அகதி முகாம். 2010-ல் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் கதவு நிலை மட்டும் நின்றது. அதைப் பற்றி இங்கே நீட்டி எழுத விரும்பவில்லை, உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்தக் கதை இருக்கிறது.

2018 பெப்ரவரி 10 தேர்தலில் நான் சபைக்கு வந்தேன். உள்ளூராட்சிச் சபைகளில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்ற சட்டத் திருத்தம் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த தேர்தல் அது. அதற்கு முன் நாடு முழுவதும் 2 வீதம்கூடப் பெண்கள் இருந்ததில்லை. ஆனால் சட்டம் எழுதப்பட்ட விதத்தைப் பாருங்கள். வட்டார வேட்பாளர்களில் 10 வீதம் பெண்கள் போதும், கட்சிக்குக் கிடைத்த வாக்குகளின் விகிதப்படி ஆட்களை எடுக்கிற பட்டியலில்தான் 50 வீதம். அதனால் எங்களில் பெரும்பாலானோர் பட்டியல் வழியாக வந்தோம். முதல் அமர்விலேயே எனக்கு ஒரு பெயர் விழுந்தது: பட்டியல் அக்கா. வீதிக்கு நிதி பிரிக்கும்போது "உங்களுக்கு வட்டாரம் இல்லைத்தானே" என்பார்கள். சபையின் வாகனம் கேட்டால் அதே பதில். இன்று உங்கள் சபையில் அதே வழியாக வந்து அமர்ந்திருக்கும் சகோதரிகளுக்கு இது புதுக் கதையாக இருக்காது.

என் கட்சி சிறியது. இடதுசாரிக் கட்சி. சாதி பார்க்கக் கூடாது, பெண்ணுக்குக் காணி உரிமை வேண்டும், தொழிலாளிக்குக் கூலி வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசுகிற கட்சி. அந்தக் கொள்கையில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஐந்து வருடம் அந்தக் கதிரையில் இருந்து நான் என்ன செய்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளும்போதுதான் எனக்கு இரண்டு விஷயங்கள் முன்னுக்கு வருகின்றன. இரண்டையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஒன்று, ஒரு வயதான கமக்காரர் 2019-ல் என்னிடம் கொண்டுவந்து தந்த கடிதம். குளக்கட்டிலிருந்து வயலுக்கு இறங்கும் பாதையில் மதகு இடிந்துவிட்டது, உழவு இயந்திரம் இறக்க முடியவில்லை என்று கொப்பித் தாளில் எழுதி, ஒன்பது பேரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். நான் அவரை வட்டார உறுப்பினரிடம் போகச் சொன்னேன். "அவரிட்ட நாலு தரம் போயிட்டன் பிள்ளை, அவர் உங்களிட்டப் போகச் சொன்னவர்" என்றார். சரி, தாங்கோ என்று வாங்கி வைத்தேன். 2023 மார்ச்சில் சபைக் காலம் முடிந்து என் கோப்புகளை ஒதுக்கியபோது அந்தக் கடிதம் அப்படியே மடித்தபடி கிடந்தது. நாலு காலபோகம் அந்த ஒன்பது குடும்பமும் நெல் மூட்டையைத் தலையில் சுமந்து கட்டுக்கு ஏற்றியிருக்கிறார்கள். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாமல் இருக்கிறது.

நீங்கள் இப்போது போட்டிருக்கிற சிபாரிசு விதி அந்தக் கடிதத்துக்கு நடந்ததை எல்லா மனுவுக்கும் நடக்க வைக்கும். உறுப்பினர் ஒருவர் மறந்தாலும், மனம் வைக்காவிட்டாலும், வேறு கட்சிக்கு வாக்களித்த வீடு என்று நினைத்தாலும் மனு சபைக்குள் வராது. வந்ததற்கு ஒரு பதிவும் இருக்காது. நல்ல நோக்கத்தோடு சபைக்குப் போன நானே ஒரு கடிதத்தைப் புதைத்தேன். அதனால்தான் இந்த விதிக்கு நான் இவ்வளவு பயப்படுகிறேன்.

இரண்டாவது, நுண்கடன். கிழமைக் காசு என்றால்தான் எங்கள் ஊரில் விளங்கும். யுத்தம் முடிந்து வீதிகள் போட்ட கையோடு கொம்பனிகள் வந்தன. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு ஒருவர் பிணை வைத்துக் கடன் கொடுத்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் எல்லோரும் அவள் வீட்டு முற்றத்தில் இருக்க வேண்டும். காசு வரும் வரைக்கும் எழும்ப விடமாட்டார்கள். இரவு எட்டு மணிக்கும் மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கும். தனியாக இருக்கிற பெண்ணின் வாசலில் அந்த நேரத்தில் ஓர் ஆண் நின்றால் ஊர் என்ன பேசும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் வருவார்கள்.

2018-ல் நான் சபையில் ஒரு பிரேரணை கொண்டுவந்தேன்: மாலை ஆறு மணிக்குப் பிறகு அறவிட வரக் கூடாது, வட்டி வீதத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏகமனதாக நிறைவேறியது. உங்களில் மூன்று பேர் அன்று எனக்குப் பக்கத்தில் இருந்தீர்கள், மேசையில் தட்டினீர்கள். பிரதிகள் கொழும்புக்குப் போயின. கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள்கள் அடுத்த கிழமையும் வந்தன. அதே வருடம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக நிதி அமைச்சு அறிவித்தது. 35 வீத வட்டி உச்சவரம்பும் வந்தது. நல்ல அறிவிப்புகள்தான். ஆனால் தன் கடனுக்கு உண்மையில் எத்தனை வீத வட்டி என்று எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கும் தெரியாது. தெரியாதவள் எந்த வரம்பைக் காட்டிக் கேட்பாள்?

அதைத் தெரிய வைத்தது அந்த மண்டபம். 2019 நடுப்பகுதியில் ஒரு புதன்கிழமை, இருபத்து மூன்று பெண்கள் தங்கள் கடன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்து தரையில் பாய் விரித்து இருந்தார்கள். ஒருத்தியின் மகள், ஏ.எல். கணக்கியல் படித்தவள், கல்குலேற்றரோடு நடுவில். முதல் புத்தகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கடன் 60,000 ரூபா. கிழமைக்கு 1,500 ரூபா வீதம் 52 கிழமை. மொத்தம் 78,000. "18,000 தானே வட்டி, 30 வீதம்" என்று அறவிட வந்தவர் சொல்லியிருந்தார். அந்தப் பிள்ளை புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து மெல்லச் சொன்னாள்: "அன்ரி, முதல் கிழமையிலிருந்தே நீங்கள் முதலையும் சேர்த்துக் கட்டுறீங்கள். ஆறு மாதத்தில் உங்கட கையில் கொம்பனியின் காசு பாதிதான் இருக்கு. வட்டி மட்டும் முழு அறுபதாயிரத்துக்கும் போகுது." கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை வட்டி 50 வீதத்தைத் தாண்டியது. அந்தப் பெண் புத்தகத்தை வாங்கி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார். பிறகு அழவில்லை, கோபப்பட்டார். அடுத்த புத்தகத்தை எடுங்கோ என்றார்.

அந்தக் கணக்குகளை வைத்துக்கொண்டு எல்லோருமாகச் சேர்ந்து கொம்பனியின் கிளைக்குப் போனோம். நான் சபை உறுப்பினர் என்று அங்கே சொல்லவில்லை. மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். கடைசியில் வீட்டுக்கு வந்து அறவிடுவதை நிறுத்தினார்கள், தவணையை நீட்டினார்கள். இருபத்து மூன்று பேரில் பதினொரு பேருக்குத்தான் அது கிடைத்தது. மற்றவர்களுக்கு இன்னும் தீரவில்லை, தீர்ந்துவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். ஆனால் என் ஏகமனதான தீர்மானத்தால் ஒருத்திக்கும் கிடைக்காதது, பாயில் இருந்து கணக்குப் போட்ட பெண்களால் பதினொரு பேருக்குக் கிடைத்தது. அதன் பிறகு செயலற்றுக் கிடந்த சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர்களே திரும்பத் தொடக்கினார்கள். இன்று அதில் கடன் எடுத்துத்தான் கச்சான் விதைக்கிறார்கள்.

2023 ஜனவரியில் மறுபடி வேட்புமனுக் கேட்டார்கள். கட்சி பத்திரத்தை வீட்டுக்கே கொண்டுவந்தது. நான் கையெழுத்து வைக்கவில்லை. அரசியல் வெறுத்துப் போய் விலகவில்லை. யார் எந்தக் கட்சியில் வந்தாலும் அவர்களிடம் கேட்கத் தெரிந்த, கேட்டதை விடாமல் தொடரத் தெரிந்த ஆட்கள் வெளியே வேண்டும் என்று பட்டது. அந்த வேலைக்கு என் ஐந்து வருட அனுபவம் உதவும் என்று நினைத்தேன். ஒரு மனு எந்த மேசையில் நிற்கும், எந்த மாதத்தில் பாதீடு எழுதுவார்கள், எந்தக் குழுவில் எது முடிவாகும் என்று எனக்குத் தெரியும். அதைப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். நீங்கள் என் குற்றமாக எழுதியிருக்கிற பின்னணி இதுதான்.

அந்தத் தேர்தலும் நடக்கவில்லை. மார்ச் 9 என்று திகதி குறித்து, நிதி இல்லை என்று தள்ளிப்போட்டார்கள். 2024 ஓகஸ்ட் 22-ல் உயர் நீதிமன்றம் அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்புச் சொன்னது. 2025 மே 6-ல்தான் வாக்களித்தோம். 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் எங்களுக்குச் சபை இல்லை, உறுப்பினர் இல்லை, சிபாரிசு கேட்க ஒரு ஆள் இல்லை. அந்தக் காலத்தில் தெருவிளக்குக்கும், சந்தைக் கழிப்பறைக்கும், மையவாடி வேலிக்கும் யார் கடிதம் எழுதினார்கள் என்று உங்கள் அலுவலகக் கோப்புகளைப் பாருங்கள். ஒன்றியத்தின் கையெழுத்து இருக்கும். 2016-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டு, 14 வேலை நாட்களுக்குள் முடிவைக் கேட்டு வாங்கப் பெண்கள் பழகியது அப்போதுதான். மண்டபத்தின் கூரைத் தகரம் காற்றில் தூக்கியபோது ஆணி வாங்கி அடித்ததும் அவர்கள்தான்.

இன்னொன்று. 2025 மார்ச் 28-ல் வந்த காணி வர்த்தமானியை, அரசிதழ் அறிவித்தலை, நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேல். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகிவிடும் என்று இருந்தது. உறுதியும் பேர்மிற்றும் 2009-ல் பதுங்குகுழிகளோடு போன சனம் நாங்கள். கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணின் காணி இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுக்க அவள் மனம் இடம் தராது. காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று 2016-ல் சட்டம் ஒரு வழி வைத்தது என்று பலருக்குத் தெரியாது. அந்த ஏப்ரலிலும் மேயிலும் தொடர்ந்து புதன்கிழமைகளில் மண்டபம் நிறைந்து வழிந்தது. ஒரு சட்டத்தரணியைக் கூப்பிட்டோம். எரிந்து கரை கறுத்த பேர்மிற், மழையில் ஊறிய வாக்காளர் இடாப்பின் பிரதி, பாடசாலை அனுமதிப் பதிவு என்று பொலித்தீன் பைகளில் கொண்டுவந்தார்கள். அந்த வருடமே யூன் 27-ல் உயர் நீதிமன்றம் வர்த்தமானியை இடைநிறுத்தியது, அரசும் அதைத் திரும்பப் பெற்றது. வழக்கை நடத்தியவர்களுக்கு அதில் பெரும் பங்கு. ஆனாலும் அந்த இரண்டு மாதத்தில் தன் காணிக்கான ஆதாரத்தை ஒரு கோப்பில் அடுக்கி வைத்த பெண், அடுத்த வர்த்தமானி வந்தால் வெறுங்கையோடு நிற்க மாட்டாள். அந்தக் கோப்புகளை அவர்கள் எங்கே இருந்து அடுக்கினார்கள்? நீங்கள் பூட்டிய மண்டபத்தில்.

வன்னியில் நாங்கள் பெற்ற எதையும் ஒரு சபைக்குள் இருந்து மட்டும் பெறவில்லை. கேப்பாப்பிலவில் 2017 பெப்ரவரி முழுவதும் விமானப்படை முகாமின் வாசலில் பிள்ளைகளோடு படுத்துக் கிடந்து, மார்ச் 1-ல் பிலக்குடியிருப்புக் காணிக்குள் சனம் கால் வைத்தது. இரணைதீவு மக்கள் 1992-ல் இடம்பெயர்ந்தவர்கள். ஒரு வருடம் கரையில் இருந்து போராடிப் பார்த்துவிட்டு 2018 ஏப்ரல் 23-ல் தாங்களே படகெடுத்து, வெள்ளைக்கொடி கட்டி, தீவுக்குப் போனார்கள். கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20-ல் போராட்டம் தொடங்கிய தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பலர் கேட்டபடியே செத்துப்போனார்கள். இந்தப் போராட்டக் கொட்டில்களுக்கு நீங்கள் எல்லோரும் வந்திருக்கிறீர்கள். நானும் உறுப்பினராக வந்து பாயில் இருந்தேன். அன்று அந்தச் சனத்தைப் பார்த்து "அரசியல் பின்னணி உடையவர்கள்" என்று நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை.

நான் திரும்பவும் தேர்தலுக்கு வரப்போகிறேன், அதற்கு ஆள் சேர்க்கிறேன் என்று பேசப்படுகிறது. எனக்கு அந்த எண்ணம் இல்லை. இருந்தாலும் அது என் உரிமை, அதற்காகப் பத்தொன்பது பெண்களை மழையில் நிறுத்த உங்களுக்கு உரிமை வராது. அந்த மண்டபத்தில் ஒரு கட்சிக் கொடி, ஒரு துண்டுப் பிரசுரம், ஒரு வேட்பாளரின் படம் இருந்ததை யாராவது கண்டிருந்தால் சொல்லட்டும். நீங்கள் எல்லோரும் வாக்குக் கேட்டு வந்தபோதுகூட, புதன்கிழமைக் கூட்டத்தில் கட்சி பேச வேண்டாம் என்று உங்களைத் தடுத்தது நாங்கள்தான். என்னுடைய பழைய கட்சிக்கும் அதே பதில்தான் சொன்னோம்.

உங்களில் ஒருவர் போன் எடுத்து, "அக்கா, நீங்கள் மட்டும் விலகினால் மண்டபத்தைத் தந்துவிடலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அவரை நான் குறை சொல்லவில்லை. அதை அடுத்த புதன்கிழமை ஒரு புளியமரத்தடியில் வைத்து எல்லோரிடமும் சொன்னேன், விலகவும் தயார் என்றேன். ஆச்சிதான் முதலில் வாய் திறந்தார். "நீ போனா, அடுத்த கிழமை ஆரைப் போகச் சொல்லுவினம்?" என்றார். அதனால் நான் விலகவில்லை.

பட்டியலில் வந்திருக்கும் சகோதரிகளே, உங்களிடம் தனியாக ஒரு சொல். இந்தத் தீர்மானத்துக்கு நீங்கள் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை என்று அறிந்தேன். அந்த அறையில் பேசுவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். முதல் ஆறு மாதம் நான் எழும்பி நின்றாலே கதிரைகள் நகர்கிற சத்தம் கேட்கும், தேநீருக்குப் போவார்கள். என்னைப் பேச வைத்தது பார்வையாளர் வாங்கில் வந்து இருந்த ஒன்றியத்துப் பெண்கள். அவர்கள் இருந்தால் கதிரைகள் நகராது. உங்களுக்கும் அவர்கள் வந்து இருப்பார்கள். அவர்களை வெளியே பூட்டிவிட்டு அந்த அறையில் நீங்கள் தனியே என்ன செய்வீர்கள்?

சரி, இனி எங்கள் கோரிக்கைகள்.

மண்டபம் பற்றிய தீர்மானத்தை அடுத்த அமர்விலேயே மீளப் பெறுங்கள். மண்டபத்தை ஒழுங்குபடுத்த வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். எல்லா அமைப்புக்கும், எல்லாக் கட்சிக்கும் ஒரே விதி, ஒரே கட்டணம், ஒரே பதிவுப் புத்தகம் என்று எழுதி மண்டபச் சுவரில் ஒட்டுங்கள். நாங்களும் பெயர் பதிந்து, கட்டணம் கட்டி எடுக்கிறோம்.

மனுக்களுக்குச் சிபாரிசு கேட்கும் விதியை முழுமையாக நீக்குங்கள். வரும் ஒவ்வொரு மனுவுக்கும் இலக்கம் போட்டு, திகதியிட்டு, கொண்டுவந்தவரிடம் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு அமர்விலும் அந்த மாதம் வந்த மனுக்களின் பட்டியலை வாசியுங்கள். இந்த விதியால் திருப்பி அனுப்பிய மனுக்கள் இருந்தால் அவர்களைக் கூப்பிட்டுத் திரும்ப வாங்குங்கள்.

1987-ன் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில், சபையின் குழுக்களுக்கு உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. உங்கள் குழுக்களில் இன்று அப்படி ஒருவரும் இல்லை. கமக்காரர் அமைப்பிலிருந்தும், மீனவர் சங்கத்திலிருந்தும், மாதர் அமைப்புகளிலிருந்தும் ஆட்களைச் சேருங்கள். என்னைச் சேர்க்கச் சொல்லவில்லை. அந்தக் கணக்குப் போட்ட பிள்ளை இப்போது பட்டதாரி, வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். பாதீட்டை வாசிக்க அவளைவிடப் பொருத்தமான ஆள் இந்தப் பிரதேசத்தில் இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

அடுத்த வருடப் பாதீட்டின் வரைவை நிறைவேற்றுவதற்கு முதல் அந்த மண்டபத்தில் வைத்து மக்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். கமக்காரரின் மதகு இன்னும் இடிந்தபடி கிடக்கிறது. அந்தக் கடிதத்தின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். 2019-ல் நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள் என்று கேட்கிறேன்.

என் மேல் குற்றச்சாட்டு இருந்தால் அதை எழுத்தில் தந்து, என்னைச் சபைக்கு அழையுங்கள். பார்வையாளர்கள் இருக்கும் அமர்வில் வந்து பதில் சொல்கிறேன்.

அடுத்த அமர்வு நாளில் நாங்கள் பார்வையாளர் வாங்கில் இருப்போம். அதுவரைக்கும் ஒவ்வொரு புதன்கிழமையும் பின்னேரம் மூன்று மணிக்கு மண்டபத்தின் தாழ்வாரத்தில் கூடுவோம். பழைய திறப்பு ஆச்சி வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. புதிய பூட்டின் திறப்பையும் அதே ஆணியில் கொண்டுவந்து கொழுவிவிடுங்கள்.

இப்படிக்கு,
2018 முதல் 2023 வரை உங்கள் சபையில் பட்டியல் உறுப்பினராக இருந்தவள்,
மாதர் ஒன்றியத்தின் இணைப்பாளர்,
வன்னி